துருக்கிக் கடற்கரைக்குப் பெற்றோரை அனுப்புகிறவர்களுக்கு

முதலில் நடந்தவை, நடந்த வரிசையில்.

1. முப்பதாவது திருமண நாளுக்காக அப்பாவும் அம்மாவும் அல் கோபாரிலிருந்து துருக்கிக்குப் போனார்கள். அந்தாலியாவுக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஹோட்டல். ஏற்பாடு முழுக்க என்னுடையது.

2. ஹோட்டல் வரவேற்பு மேசையில் பதிவுக்காக இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு, இருவர் மணிக்கட்டிலும் ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் பட்டையை மாட்டினார்கள். மாலையில் வந்து பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

3. அப்பா வாங்கவில்லை.

4. கிளம்பும் நாளில் ஹோட்டல் வேன் இருவரையும் விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டது. அப்பா டிரைவருக்கு முன்னால் கையை நீட்டினார். டிரைவர் அந்தக் கையைச் சிரித்தபடி குலுக்கிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

5. சவூதிக்குள் திரும்ப நுழைய இருவருக்கும் தரப்பட்டிருந்த அனுமதி மறுநாளோடு முடிகிறது. அதற்குள் உள்ளே போகாவிட்டால் அப்பாவின் வேலையும் அம்மாவின் வேலையும் அத்தோடு முடிந்துவிடும்.

சிரிப்பு வருகிறவர்கள் ஐந்தாவதை இன்னொரு முறை படிக்கவும்.

யாருக்காக எழுதுகிறேன்

நாகர்கோவிலில் இருக்கும் என் அத்தை மகள் ஷீலா போன வாரம் அபுதாபிக்கு ஃபோன் செய்தாள். நான் இங்கே நெட்வொர்க் எஞ்சினியராக இருக்கிறேன். அவள் கணவர் மஸ்கட்டில்.

"எட்டி, மாமாவையும் மாமியையும் அனுப்பினியே, அந்த எடம் எப்படி? எங்க மாமனார் மாமியார விசிட் விசாவுல கூப்பிட்டு, அப்படியே துருக்கிக்கும் அனுப்பலாம்னு இவிய சொல்லுதாவ. என்னெல்லாம் பாத்துக்கிடணும்னு எழுதி மெயில் போடு. நீதான் எதச் சொன்னாலும் ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போடுவியே."

போன வருடம் இதே ஷீலாவின் அம்மா, அதாவது என் அத்தை, என்ன சொன்னார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. "ஊருக்கு வராம துருக்கிக்குப் போறாவளாம். வெள்ளக்காரனுவ ஆயிட்டாவ." அந்த வருடம் சோப்பும் பாதாமும் தைலமும் நிரம்பிய அட்டைப்பெட்டி நாகர்கோவிலுக்குப் போகவில்லை. வருத்தம் அண்ணனைப் பார்க்காததிலா, பெட்டியைப் பார்க்காததிலா என்று நான் கேட்கவில்லை. இப்போது அங்கே போவது தங்கள் வீட்டு ஆட்கள் என்றதும் துருக்கி நல்ல நாடாகிவிட்டது.

மெயில்தான் எழுத உட்கார்ந்தேன். செருப்பு, தொப்பி, மாத்திரை என்று தொடங்கினேன். மூன்றாவது வரியில் பாஸ்போர்ட் வந்தது. அதற்குமேல் அது மெயிலாக இருக்கவில்லை.

அனுமதி

ஊரில் இருப்பவர்கள் இதை நம்புவதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அப்பா ஏசி டெக்னீஷியன். சவூதியில் ஒரு பராமரிப்பு கம்பெனியில் வேலை. அம்மா அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் அவர்களிடம் இருந்ததில்லை. போய் இறங்கிய அன்றே வேலை கொடுத்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு இகாமா என்கிற வசிப்பிட அட்டை கையில் கிடைக்கும். லீவு வந்தால் இகாமாவைக் கொடுக்க வேண்டும், பாஸ்போர்ட் வரும். லீவு முடிந்தால் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும், இகாமா வரும். எதையாவது கொடுத்தால்தான் எதையாவது வாங்க முடியும். இரண்டும் ஒரே சமயத்தில் ஒருவர் கையில் இருக்காது.

அப்பாவின் கம்பெனியில் பாஸ்போர்ட்டை அலுவலகத்திலும் தருவதில்லை. கம்பெனி வண்டியின் டிரைவர் விமான நிலையம் வரை எடுத்துவந்து, வாசலில் வைத்துத்தான் தருவார். இடையில் யாரும் ஓடிவிடக் கூடாதாம். நானும் தம்பியும் சிறு வயதில் ஒவ்வொரு வருடமும் இதைப் பார்த்திருக்கிறோம். தம்மாம் விமான நிலைய வாசலில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருப்போம். டிரைவர் ரப்பர் பேண்டு போட்ட கட்டைப் பிரித்துப் பெயர் பெயராகக் கூப்பிடுவார். தலை சீவி, சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டுக்கொண்டு, ஐம்பது அடி உயர இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுகிற ஆண்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்க் கையை நீட்டுவார்கள். அப்பாவும் நீட்டுவார். விடுமுறை தொடங்கிவிட்டது என்று எங்களுக்கு அப்போதுதான் தெரியும். அந்த நீட்டிய கை எங்களுக்குச் சந்தோஷமான காட்சியாக இருந்தது.

துருக்கி விசாவுக்குக் கம்பெனியின் கடிதம் வேண்டும். அப்பா போய்க் கேட்டார். அங்கிருந்த அதிகாரி கேட்டதை அப்பா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"துருக்கிக்கா? ஊருக்கு இல்லையா? அங்கயிருந்து ஐரோப்பாக்கு ஓடிருவியான்னு கேட்டான் மக்ளே."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மகள் ஆசப்படுகான்னு சொன்னேன். நல்ல மனுசன்தான். லெட்டர் தந்துட்டான்."

ஓய்வு பெறும் வயதில், மூட்டுவலியோடு, மனைவியுடன் கடல் பார்க்கப் போகிறவரைப் பார்த்து ஓடிவிடுவாயா என்று கேட்டவன் நல்ல மனுசன். ஏனென்றால் லெட்டர் தந்துவிட்டான். லீவு நாட்களுக்குமேல் ஒரே ஒரு நாளைக் கூட்டி, திரும்ப நுழையும் அனுமதியையும் போட்டுத் தந்தான். மருத்துவமனையும் அதைப் பார்த்து அம்மாவுக்கு அதே தேதியைப் போட்டது.

ஷீலா கேட்ட குறிப்புகள்

கேட்டுவிட்டாள் என்பதற்காக:

ஷூ வேண்டாம். அங்கே கரை பல இடங்களில் மணல் இல்லை, கூழாங்கல். ரப்பர் செருப்போடு தண்ணீரில் இறங்கலாம்.

எல்லோருக்கும் அரபி தெரியும் என்று நினைக்க வேண்டாம். தொழுகைச் சத்தம் கேட்டதும் அப்பா துணிந்து, பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு "சதீக், மோயா, மோயா" என்று அரபியில் நண்பனை அழைப்பதுபோல் அழைத்துத் தண்ணீர் கேட்டாராம். பையன் அவருக்கு ஜெர்மன் மொழியில் பதில் சொன்னான். விரலால் காட்டினால் போதும்.

சாப்பாடு எந்நேரமும் இருக்கும், விலை தனியாகக் கிடையாது. இதைப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடவும். சொல்லாவிட்டால் காலையிலேயே இரண்டு ரொட்டியைத் துணியில் சுற்றி அறைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள்.

சுடிதாரோடு நீச்சல் குளத்தில் இறங்க விடமாட்டார்கள். அம்மாவை அங்கிருந்த காவலாள் விசில் ஊதி வெளியே வரச் சொன்னான். சுற்றிலும் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். உடம்பில் துணி அதிகமாக இருப்பதற்காக அம்மா ஒரு இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டது அதுதான் முதல்முறை. அவள் வேலை செய்கிற ஊரில் கணுக்கால் தெரிந்தால் கத்துவார்கள். இங்கே கணுக்காலை மூடியதற்கு விசில். இரண்டு நாட்டிலும் சட்டம் எழுதியவர்கள் ஆண்கள்தான் என்று நினைக்கிறேன்.

அம்மா சண்டை போடவில்லை. நேரே கடலுக்குப் போய்விட்டாள்.

"கொளம் அவனுக்கது. கடலுக்கு எவன் ரூல் போடுவான்?" என்று அன்று ஃபோனில் கேட்டாள்.

கடலை வைத்துப் பிழைத்த வீட்டில் பிறந்தவள் அம்மா. எங்கள் ஊர்க் கரையில் பெண்கள் மீனுக்காகக் காத்து நிற்பார்கள். குளிக்க இறங்க மாட்டார்கள். அல் கோபார் கடற்கரையில் அபாயா என்கிற நீள அங்கியைப் போட்டுக்கொண்டு சிமெண்டு பெஞ்சில் உட்காரலாம். ஆக இடுப்பளவுக் கடல்நீரில் அவள் முதன்முதலாக நின்றது துருக்கியில்தான், ஐம்பது வயது கடந்த பிறகு. கறுப்பு அபாயாவைக் கரையில் விரித்து, அதன்மேல் மூக்குக்கண்ணாடியையும் செருப்பையும் வைத்துவிட்டு இறங்கினாளாம். அப்பா ஷூவைக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் காவல் இருந்தார்.

"ஒங்கம்மா வரமாட்டேங்கா மக்ளே. கூப்பிட்டா தண்ணிய வாரி எறியா."

"நீங்களும் இறங்குங்கப்பா."

"எனக்கு எதுக்கு? நான் இங்க இருக்கேன்."

குறிப்பு: அப்பாக்களைத் தண்ணீரில் இறக்க வழி ஏதும் எனக்குத் தெரியாது.

பத்திரமாக இருக்கிறது

இரண்டாம் நாளே நான் கேட்டேன். நான் பட்டியல் போடுகிறவள்; என் பட்டியலில் அது இருந்தது.

"பாஸ்போர்ட் திரும்ப வாங்கியாச்சாப்பா?"

"அது பத்திரமா இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. ஹோட்டல்காரர்கள் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பதிலுக்குக் கையில் பட்டை போட்டிருக்கிறார்கள். சாப்பிடப் போனால் பட்டையைக் காட்டுகிறார். வாசலில் காட்டுகிறார். குளிக்கும்போதும் தூங்கும்போதும் அது கையிலேயே இருக்கிறது. இகாமாவைவிட வசதி, தொலைந்துபோகாது. அவரைப் பொறுத்தவரை எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. அம்மா ஒரு முறை கேட்டிருக்கிறாள். "போகும்போது தருவானுவ, லூர்து" என்று அப்பா சொல்லியிருக்கிறார். அம்மாவும் சரி என்று விட்டுவிட்டாள். அவளுடைய பாஸ்போர்ட்டும் அத்தனை வருடமாக மருத்துவமனையின் இரும்பு அலமாரியில்தானே இருக்கிறது.

என் தம்பி டொராண்டோவில் படிக்கிறான். நடந்ததை எல்லாம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, "டாட் ஏன் திருப்பிக் கேக்கல?" என்றான். அவ்வளவுதான் அவனுக்குத் தோன்றியது. அதே விமான நிலைய வாசலில், அதே பெட்டியின்மேல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்.

வாசலில்

நான் சர்வர் அறையில் இருந்தேன். அங்கே ஃபோனை எடுக்கக் கூடாது. எடுத்தேன்.

"மக்ளே, டிரைவரு பாஸ்போர்ட்டு தராமப் போயிட்டான்."

"டிரைவர் எதுக்குப்பா தரணும்?"

"பின்ன யாரு தருவா?"

அவர் குரலில் பயம் இல்லை. ஒரு ஆள் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்கிற புகார் மட்டும் இருந்தது.

"ஹோட்டல்ல கேட்டு வாங்கலையா?"

"பட்டய வெட்டும்போது தருவானுவன்னு நெனச்சேன். வெட்டவே இல்ல. ஏர்போர்ட்டுல வெட்டுவானுவளோன்னு…" அங்கே நிறுத்திவிட்டார். அவருக்கே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஹோட்டலுக்குப் பேசினேன். வரவேற்பில் இருந்தவர் மிக மரியாதையாகப் பேசினார். முதல் நாள் மாலை சொன்னோம் மேடம், மறுநாளும் சொன்னோம், சார் 'கீப், கீப், நோ ப்ராப்ளம்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், மற்ற விருந்தினர்கள் எல்லாரும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவரை இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் மேல் தவறு ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். வேன் அடுத்த பயணிகளை ஏற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டதாம்; பாஸ்போர்ட்டுகளை மாலையில்தான் கொடுத்தனுப்ப முடியுமாம்.

மாலையில் வந்தால் இஸ்தான்புல் போய் அன்றைய தம்மாம் விமானத்தைப் பிடிக்க முடியாது. தம்மாமுக்கு அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்து, அனுமதி முடிந்த பிறகு.

அப்பாவிடம் சொன்னேன். "அவனுவ கொண்டு வருவானுவ. இங்கயே நிப்போம். நாம எடம் மாறினா தேடுவானுவ" என்றார்.

அப்போது பின்னாலிருந்து அம்மாவின் குரல். "இஞ்ச குடுங்க அந்த ஃபோன." பிறகு என்னிடம்: "எட்டி, அந்த ஓட்டல்காரங்கிட்ட சொல்லு. ரெண்டையும் எடுத்து வெளிய வச்சிட்டு நிக்கச் சொல்லு. நான் வாறேன்."

"தனியாவா?"

"ஒங்கப்பா பெட்டிக்குக் காவல் நிக்கட்டும்."

அம்மா அல் கோபாரில் எங்கும் தனியாக வண்டியில் போனவள் அல்ல. குடியிருப்பு வாசலில் மருத்துவமனைப் பேருந்து. மருத்துவமனை வாசலில் அதே பேருந்து. தெரியாத ஓட்டுநரோடு ஒரு பெண் தனியே காரில் உட்காரும் வழக்கம் அங்கே அவளுக்கு இல்லை. அன்று அவள் வரிசையில் முதலில் நின்ற டாக்ஸியின் கதவைத் திறந்து உட்கார்ந்து, ஓட்டுநரின் முகத்துக்கு நேரே மணிக்கட்டை நீட்டினாள். பட்டையில் ஹோட்டலின் பெயர் அச்சடித்திருந்தது.

"செபமால சொல்லிக்கிட்டே போனீங்களா?" என்று பிறகு கேட்டேன்.

"அதுக்கு எங்க நேரம்? வேகமாப் போ, வேகமாப் போன்னு தமிழ்லயே சத்தம் போட்டேன். அவனுக்கு வெளங்கிச்சு."

அதே டாக்ஸியில் இரண்டு பாஸ்போர்ட்டையும் மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்குள் அவர்களுடைய இஸ்தான்புல் விமானம் போயிருந்தது. அடுத்ததில், எங்கோ பின்னால், தனித்தனியாக இரண்டு இடம் கொடுத்தார்கள். இஸ்தான்புல்லில் இருவரும் ஓடினார்கள், அப்பா ஷூவோடு. தம்மாம் விமானத்தில் ஏறிவிட்டார்கள். இறங்கும் அறிவிப்பு வந்ததும் அம்மா பையிலிருந்து அபாயாவை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டாள். இடைவழியில் சின்னச் சின்னக் கூழாங்கற்கள் விழுந்தனவாம். அனுமதி முடிய ஒரு நாள் மிச்சம் இருக்க, குடியேற்ற அதிகாரி முத்திரை குத்தி உள்ளே விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மருத்துவமனைக் கத்தரியால் தன் பட்டையை வெட்டிப் போட்டாள். பிறகு அப்பாவுடையதை. அவர் கையை நீட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம்.

அதற்குப் பிறகு

டூட்டிக்குப் போன முதல் நாள் காலை, டீ குடிக்குமுன், அப்பா நேரே அலுவலகத்துக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைக் கொடுத்து இகாமாவை வாங்கிக்கொண்டார்.

"யாராவது கேட்டாங்களாப்பா?"

"கேக்கதுக்கு முன்ன குடுத்தா ஒரு மரியாத."

"யாருக்கு மரியாதை?"

நான் விடவில்லை. அபுதாபியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று இங்குள்ள ஆளும் கேட்டார், இல்லை என்றேன், முறைத்தார், அதோடு முடிந்தது, இன்றுவரை என் பாஸ்போர்ட் என் அலமாரியில் இருக்கிறது, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இல்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பெற்ற தகப்பனிடம் பேசுகிற குரலில் கேட்கவில்லை.

அப்பா கோபப்படவில்லை. "நீ படிச்சவ மக்ளே. ஒன்ன ஒருத்தன் வேண்டாம்னா இன்னொருத்தன் எடுப்பான். என்ன வேண்டாம்னா நான் பெட்டியக் கெட்டணும். பாஸ்போர்ட்ட கையில வச்சிக்கிட்டு நான் எங்க போவ? ஊருக்குப் போவத்தான் ஒதவும். ஊருக்குப் போயிருந்தா நீ எஞ்சினியராகி இப்படி எங்கிட்ட கேள்வி கேப்பியா?"

அவர் சொன்னதில் தவறில்லை. அதனால் என் கோபம் குறைந்துவிடவும் இல்லை. அது இப்போது யார்மேல் என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்த அலுவலகத்தின்மேல், நிச்சயம். ரப்பர் பேண்டு போட்ட அந்தக் கட்டின்மேல். அவரை முன்கூட்டியே கொடுக்கப் பழக்கியவர்கள் எல்லோர்மேலும்.

அம்மா கொடுக்கவில்லை.

மருத்துவமனை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கேட்டார். "சிஸ்டர், பாஸ்போர்ட்?"

"வீட்டுல இருக்கு."

"நாளைக்குக் கொண்டு வாங்க."

"எதுக்கு?"

"பத்திரத்துக்குத்தான் சிஸ்டர்."

"எங்கிட்ட பத்திரமாத்தான் இருக்கு."

பாஸ்போர்ட் வரும்வரை இகாமாவைத் தர முடியாது என்றார்கள். இகாமா கையில் இல்லாமல் தெருவில் நடந்தால் போலீஸ் நிறுத்தும். அம்மா வெள்ளிக்கிழமை கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மருத்துவமனைப் பேருந்து, வார்டு, பேருந்து, வீடு. காய்கறியும் மீனும் அப்பா வாங்கி வருகிறார். மீன் பார்த்து வாங்கத் தெரியவில்லை என்று தினமும் திட்டு வாங்குகிறார். "குடுத்திரு லூர்து" என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று அம்மா சொன்னாள். அதை அவள் இரண்டு முறை சொன்னாள்.

ஷீலா, உன் மாமனாருக்கு இந்தக் குறிப்புகள் எதுவும் தேவைப்படாது. அவர் பாஸ்போர்ட் பீரோவில், துணிக்கு அடியில், அவர் வீட்டில் இருக்கிறது. ஹோட்டலில் வாங்கினால் மாலையில் போய், எங்கே என் பாஸ்போர்ட் என்று சத்தமாகக் கேட்பார். ரப்பர் செருப்பு மட்டும் வாங்கிக் கொடு.

இந்த வருடமும் திருமண நாள் வருகிறது. அம்மா மறுபடியும் அந்தக் கடலுக்குப் போக வேண்டும் என்கிறாள். மருத்துவமனை இந்த வருடம் அவளுக்கு லீவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அப்பாவின் லீவுக்குக் கம்பெனி கையெழுத்துப் போட்டிருக்கிறது.

அம்மாவிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, லீவு இல்லை. அப்பாவுக்கு லீவு இருக்கிறது, பாஸ்போர்ட் இல்லை.